தங்கைக்கு வெண்புள்ளித் திட்டு சின்னதுதான், பிறகேன் வீட்டைவிட்டு வெளியே வர மறுக்கிறாள்?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. உதட்டோரத்திலும் வலது கை விரல் நுனிகளிலும் வெண்புள்ளி, வேறெங்கும் இல்லை. "இத்தனூண்டுதானே, கவலைப்படாதே" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எட்டு மாதமாகக் கல்யாணம், காதுகுத்து என எதற்கும் வருவதில்லை. வேலையையும் விட்டுவிட்டாள். பக்கத்துத் தெருவில் உடம்பு முழுக்க சொரியாசிஸ் உள்ளவர் தினமும் கடை திறக்கிறார். இவளுக்கு மட்டும் ஏன் இப்படி? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. உடம்பு முழுக்கப் படை உள்ளவர் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறார். விரல் நுனியில் திட்டு உள்ளவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தோல் நோயில் இது அன்றாடம் பார்ப்பதுதான். நோய் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது ஒரு கணக்கு, அது மனதை எவ்வளவு அரிக்கிறது என்பது வேறு கணக்கு. டாக்டர் போட்டது முதல் கணக்கு. நோயாளியின் ஒரு கை, உள்ளங்கையும் விரல்களும் சேர்த்து, உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அந்த அளவில் உங்கள் தங்கைக்கு 1 சதவீதம்கூடத் தேறாது. அதனால்தான் 'இத்தனூண்டு' என்றார்.

இரண்டாவது கணக்குக்கும் அளவுகோல் உண்டு. 1994இல் பிரிட்டனின் கார்டிஃபில் ஃபின்லே, கான் இருவரும் உருவாக்கிய டி.எல்.க்யூ.ஐ. (தோல் நோயில் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் குறியீடு) என்னும் வினாத்தாள்தான் உலகெங்கும் அதிகம் புழங்குவது. பத்துக் கேள்விகள், எல்லாமே கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை: அரிப்பு, கூச்சம், கடைக்குப் போவது, உடை, வேலை, நெருங்கியவர்களோடு பழக்கம் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. 0 அல்லது 1 என்றால் பாதிப்பில்லை. 6 முதல் 10 நடுத்தரம். 11 முதல் 20 என்றால் வாழ்க்கையை மிகவும் பாதிக்கிறது என்று பொருள். நிரப்ப மூன்று நிமிடம் போதும். அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்கி நிரப்பச் சொல்லுங்கள். எண்ணாகச் சொன்னால் டாக்டர் காதில் ஏறும். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'பொருந்தாது' என்று குறித்தால் 0 மதிப்பெண். வெளியே போவதையே நிறுத்திவிட்டவள், "கடைக்குப் போவதில் சிரமம் இருந்ததா?" என்ற கேள்விக்குப் 'பொருந்தாது' என்று போட்டுவிடுவாள். மிக மோசமாக இருப்பவளுக்கு மிகக் குறைந்த எண் வரும். தோலால்தான் போகவில்லை என்றால் அதைப் 'பொருந்தாது' என்று குறிக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள்.

காரணங்களுக்குப் போகுமுன் ஒன்று. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, 13 ஐரோப்பிய நாடுகளின் தோல் மருத்துவமனைகளில் 3,635 நோயாளிகளைப் பார்த்தது. மனச்சோர்வு நோய் அவர்களில் 10.1 சதவீதம் பேருக்கு. ஒப்பிட்ட மற்றவர்களில் 4.3. தற்கொலை எண்ணம் 12.7 சதவீதம், மற்றவர்களில் 8.3. எட்டு மாதம் வீட்டுக்குள் இருப்பவளிடம் இதை நேராகக் கேட்க வேண்டும்: "வாழ வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆமாம்' என்றாலோ, தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, கீழே சொல்லும் பயிற்சிகளை ஒத்திவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள். மனநல ஆலோசனைக்கான தொலைபேசி எண்கள்: அரசின் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இரண்டும் இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள்.

இனி, ஏன் இவளுக்கு மட்டும் என்பது.

முதலில் இடமும் வயதும். முகமும் கையும் பேசும்போது எதிராளி பார்க்கும் உறுப்புகள். உதட்டோரத் திட்டை மறைக்க வழியில்லை. விரலோ காசு வாங்கும்போதும் கொடுக்கும்போதும் முன்னால் வந்து நிற்கும். மாநிறமோ கறுப்போ ஆன தோலில் வெள்ளைத் திட்டு எடுத்துக் காட்டுவதுபோல வெளுத்த தோலில் காட்டாது. கடைக்காரருக்கு நாற்பது வயதில் நோய் வந்திருந்தால், அதற்குள் அவர் யாரென்று ஊருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 24இல், அதுவும் ஜாதகம் கையில் எடுக்கும் நேரத்தில் வருவது வேறு.

அடுத்தது, தோற்றத்தின் மேல் ஒருவர் எவ்வளவு பந்தயம் கட்டியிருக்கிறார் என்பது. உடல் தோற்றம் பற்றிய ஆய்வுகளில் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். நன்றாக உடுத்தவும் சீராக இருக்கவும் விரும்புவது ஒன்று. அதனால் கெடுதல் இல்லை. 'நான் எப்படித் தெரிகிறேனோ அதுதான் நான்' என்று தன் மதிப்பையே தோற்றத்தில் கொண்டுபோய்க் கட்டுவது இன்னொன்று. ஆளைச் சாய்ப்பது இந்த இரண்டாவது. சின்ன வயதிலிருந்து 'வீட்டிலேயே இவதான் லட்சணம்' என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு ஒரு சிறு திட்டே பெரிய நஷ்டமாகத் தெரிவது இதனால்தான். எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற சுபாவம் உள்ளவர்களும், எதையும் முன்கூட்டியே நினைத்துப் பதறுபவர்களும் இந்தப் பள்ளத்தில் எளிதாக விழுகிறார்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது: ஒதுக்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு. 1980இல் க்ளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்பவரின் முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு 'தழும்பு வெடிக்காமலிருக்க ஈரப்பசை தடவுகிறோம்' என்று சொல்லி, அவருக்குத் தெரியாமல் தழும்பையே துடைத்துவிட்டார்கள். அவரோ முகத்தில் தழும்பு இருக்கிறது என்ற நினைப்பிலேயே முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ப் பேசினார். திரும்பி வந்து, 'எதிராளி என் தழும்பையே பார்த்தார், சங்கடப்பட்டார்' என்கிற விதமாகச் சொன்னார். தழும்பே இல்லை! எதிராளி இயல்பாகக் கண்ணைத் திருப்பியது, கையை அசைத்தது எல்லாம் தழும்பின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டன. உங்கள் தங்கை பஸ்ஸில் ஏறும்போதும் இதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்காக 'எல்லாம் உன் கற்பனை' என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போகிறவர்கள் உண்டு, கைபட்ட தம்ளரைத் தனியே வைக்கிறவர்கள் உண்டு. நடந்த புறக்கணிப்பும் உண்மை, எதிர்பார்த்து நடுங்கும் புறக்கணிப்பும் உண்மை. ஆனால் ஒருமுறை நடந்தது நூறுமுறை எதிர்பார்க்கப்படுகிறது. ஆளை வீட்டுக்குள் பூட்டுவது அந்த நூறுதான்.

நான்காவது, நோய்க்கு அவள் மனதில் இருக்கும் பெயரும் காரணமும். 'வெண்குஷ்டம்' என்ற சொல் செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது இது, யாருக்கும் ஒட்டாது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'வெண்புள்ளி' என்றே குறிப்பிட வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசின் ஆணையே உண்டு. ஆனால் பெரியவர்கள் வாயில் பழைய சொல்தான் வரும். அதோடு 'மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பா', 'புளியைக் குறைச்சிருக்கணும்', 'குலதெய்வக் குத்தம்' என்பதெல்லாம் சேரும்போது, நோய் அவள் செய்த தவறாக மாறிவிடுகிறது. நோய் என்றால் வருத்தம் மட்டும். தவறு என்றால் வெட்கமும் சேரும். வெட்கப்படுகிறவர் மறைப்பார், மறைப்பவர் கண்டுபிடிக்கப்படுவோமென்று பயப்படுவார். சொரியாசிஸ் நோயாளிகளிடம் 1989இல் கின்ஸ்பர்க், லிங்க் செய்த ஆய்வு, ஒதுக்கப்படும் உணர்வைப் பிரித்துப் பார்த்தபோது இதே இழைகள்தான் வந்தன: ஒதுக்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு, தன்னிடம் பழுது உண்டென்ற நினைப்பு, குற்ற உணர்வும் வெட்கமும், ரகசியம் காப்பது.

மேற்சொன்ன நான்கும் தீயை மூட்டுபவை. அணையாமல் வைத்திருப்பது அவளுடைய அன்றாடப் பழக்கங்கள். ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடி பார்க்கிறாள், போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறாளா, 'பரவிடுச்சா பாரு' என்று எத்தனை முறை கேட்கிறாள், கையை எங்கே மடக்கி ஒளிக்கிறாள் என்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றும் அந்த நிமிடத்துக்கு நிம்மதி தரும். ஆனால் 'நான் ஒளிந்துகொண்டதால் தப்பினேன்' என்றுதான் மனம் பாடம் படிக்கிறது. ஒளியாமலிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வராது.

வீட்டுக்காரர்கள் தடுக்க வேண்டிய முக்கியமான ஒப்பந்தம் ஒன்று உண்டு. 'சரியானதும் வெளியே போறேன்' என்று அவள் தனக்குள் போட்டுக்கொண்டிருப்பது அது. உதடும் விரல் நுனியும் வெண்புள்ளி வைத்தியத்துக்கு எளிதில் பணியாத இடங்கள். நிறமணுக்கள் பெரும்பாலும் முடிக்கால்களிலிருந்துதான் திரும்பி வருகின்றன. அந்த இடங்களில் முடிக்கால்கள் இல்லை. 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சையை வாரம் இரண்டு மூன்று முறை, குறைந்தது ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்பார்கள். 72 முறை கொடுத்தும் பலனில்லாவிட்டால்தான் 'கேட்கவில்லை' என்று முடிவுகட்டுவது வழக்கம். சிகிச்சை நடக்கட்டும், மருந்து போடட்டும். வாழ்க்கையை அதன் வாசலில் காக்க வைக்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

எப்படி என்று கேட்டால், பழக்கங்களில் கைவைப்பதுதான் வழி.

கண்ணாடியிலிருந்து தொடங்கலாம். பல் துலக்கும்போதும் தலைவாரும்போதும் மட்டும், கையெட்டும் தூரத்தில் நின்று, முழு முகத்தையும் பார்க்க வேண்டும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். முகத்தை ஒட்டிப் பார்த்தால் எந்தத் தோலும் குறையாகத்தான் தெரியும். பரவுகிறதா என்று அறிய மாதம் ஒரு படம் போதும்: ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரம், அருகில் ஓர் அளவுகோல் வைத்து. அந்தப் படம் டாக்டருக்கு. 'பரவிடுச்சா?' என்ற கேள்விக்கு வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்லுங்கள்: "ஒண்ணாம் தேதி படத்துல பார்ப்போம்." முதல் வாரம் கோபப்படுவாள். தாக்குப்பிடியுங்கள். அம்மா மட்டும் மனமிரங்கி ரகசியமாகப் பார்த்துச் சொன்னால், கேட்பது இரண்டு மடங்காகும்.

அடுத்தது படிப்படியாக வெளியே வருவது. தவிர்க்கும் இடங்களையெல்லாம் அவளே எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்தின் அளவு போடட்டும். வாசலில் கோலம் போடுவது 25, மாவு மில்லுக்குப் போவது 40, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பது 60, அத்தை வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறுவது 90 என்று இருக்கலாம். 30, 40 அளவில் உள்ள ஒன்றில் தொடங்கி, வாரம் நான்கு முறையாவது அதையே செய்ய வேண்டும். போகுமுன் ஒரு தாளில் கணிப்பை எழுத வேண்டும்: 'மில்லில் பத்துப் பேர் இருந்தால் எட்டுப் பேர் கையையே முறைப்பார்கள்.' வந்ததும் நடந்ததை எழுத வேண்டும்: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை விநாடி, யாராவது ஏதாவது கேட்டார்களா. அந்தத் தாள்தான் மருந்து. கணிப்பும் கணக்கும் பொருந்தாமல் போவதைத் தன் கையெழுத்தில் பார்க்கும்போது நம்பிக்கை நகரும். நீங்கள் சொல்லி நகராது.

இது கெட்டுப்போகும் விதம் மூன்று. பயம் உச்சத்தில் இருக்கும்போதே திரும்பி ஓடி வருவது. அப்படி வந்தால் பயத்துக்குத்தான் வெற்றி, கொஞ்சம் தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். போயும் துப்பட்டாவுக்குள் கையை வைத்துக்கொண்டே நிற்பது இன்னொன்று, போனதற்குப் பலனிருக்காது. மூன்றாவது வீட்டாரின் அவசரம்: 40ஐ முடித்த உற்சாகத்தில் அடுத்த வாரமே கல்யாண மண்டபத்துக்கு இழுத்துப் போவார்கள். அங்கே ஒரு பெரியம்மா ஏதாவது சொல்லி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அந்தப் பெரியம்மாவுக்கு என்ன பதில் என்பதையும் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். பிரிட்டனில் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992இல் தொடங்கிய சேஞ்சிங் ஃபேசஸ் என்ற அமைப்பு, முகத்தில் வேறுபாடு உள்ளவர்களுக்குச் சொல்லித்தரும் முறை எளிமையானது: விளக்கு, தைரியம் சொல், பேச்சை மாற்று. நம்மூர் வாய்க்கு மாற்றினால் இப்படி: "இது வெண்புள்ளி பெரியம்மா, யாருக்கும் ஒட்டாது, மருந்து போட்டுட்டிருக்கேன். உங்களுக்கு முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?" கேள்வியில் முடிவதுதான் சூட்சுமம், பேச்சு அவர் பக்கம் போய்விடும். அதே அமைப்பு சொல்லும் இன்னொன்று, 3-2-1: யாராவது முறைத்தால் செய்ய மூன்று செயல், கேட்டால் சொல்ல இரண்டு வாக்கியம், ஒதுங்கிப் போனால் மனதுக்குள் நினைக்க ஒன்று. நிமிர்ந்து பார்த்துப் புன்னகைப்பது ஒரு செயல், தலையசைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது இன்னொன்று. கூடத்தில் நீங்கள் பெரியம்மாவாக நடித்து இருபது முறையாவது பழக்குங்கள். சிரிப்பு வரும், வரட்டும்.

மறைக்கும் பூச்சு போடலாமா? போடலாம், அது ஏமாற்று இல்லை. நிறத்தைக் கடை விளக்கில் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில், திட்டுக்குப் பக்கத்துத் தோலோடு பொருத்த வேண்டும். மெல்லிய அடுக்காக இரண்டு மூன்று முறை தட்டி, பூச்சு கலையாமல் நிற்க வைக்கும் பவுடர் போட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். கையில் அடிக்கடி கழுவுவதால் நிற்காது. அங்கே டைஹைட்ராக்ஸி அசிட்டோன் கலந்த கரைசல் உதவும்; பூசிச் சில மணி நேரத்தில் பழுப்பேறி, சில நாள் நிற்கும். வெயிலிலிருந்து காக்காது, சன்ஸ்கிரீன் தனியே வேண்டும். எதையும் முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு நாள் பூசிப் பாருங்கள், ஏனென்றால் சில ரசாயனங்களே தோலை வெளுக்க வைக்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வகை பீனால் நெற்றியில் வெள்ளைத் திட்டு உண்டாக்குவது நம் நாட்டுத் தோல் மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். வெண்புள்ளி உள்ளவர் அதை விட்டுச் சாந்துப்பொட்டுக்கு மாறுவது நல்லது. தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதும் கூடாது. காயம்பட்ட இடத்தில் புதுத் திட்டு வரும் இயல்பு இந்த நோய்க்கு உண்டு. பூச்சில் ஒரே எச்சரிக்கை: பூச்சோடு போகும் நாளும் வேண்டும், பூச்சில்லாமல் போகும் நாளும் வேண்டும். பூச்சில்லாமல் பால் வாங்கக்கூடப் போகமாட்டாள் என்றால் அது இன்னொரு துப்பட்டாதான்.

மருந்துக் கடைக்காரர் தரும் 'வெள்ளையாக்கும்' கிரீம்களைத் தொடவே வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் எரியும். மனதில் இருந்த பழுது முகத்துக்கு வந்துவிடும்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, தைராய்டு பரிசோதனை. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு சேர்ந்து வருவது அதிகம்; தைராய்டு குறைந்தால் சோர்வு, அழுகை, ஆர்வமின்மை எல்லாம் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். இரண்டாவது, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பார்ப்பார்கள். நினைப்பையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை, மேலே சொன்ன படிகளையே ஒழுங்காக, பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகளில் செய்யும். மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரமாகும். 'சரியாயிடுச்சு' என்று திடீரென நிறுத்தக் கூடாது.

ஒரு வேறுபாட்டை மனநல மருத்துவர் கவனிப்பார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அல்லது தெரிந்தும் தெரியாத குறைக்காக நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணாடி முன் கழிப்பது, ஒரு தோல் டாக்டர் விட்டு இன்னொருவர் என்று அலைவது, எந்த லேசரும் திருப்தி தராமலிருப்பது என்றால் அது உடல் தோற்றக் கோளாறு என்ற தனி நோயாக இருக்கலாம். தோல் சிகிச்சையால் அது தீராது. உங்கள் தங்கைக்கு இருக்கும் திட்டு உண்மையானது, பிறர் பார்ப்பதும் உண்மை; ஆகவே அந்தப் பெயரை நீங்களாக ஒட்டிவிட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் எழுதாவிட்டாலும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு: வரன். 'இது ஊருக்குத் தெரியுமுன்னே முடிச்சிடணும்' என்று பெரியவர்கள் கூடத்தில் பேசுவது உள்ளறைக்குக் கேட்கும். 'நான் மறைக்கப்பட வேண்டியவள்' என்று அதற்கு மேல் யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த வருஷம் அந்தப் பேச்சை நிறுத்தி வையுங்கள். பிறகு எப்போது வந்தாலும், முதல் சந்திப்பிலேயே, அவளே, இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். 'பிள்ளைக்கும் வருமா?' என்று கேட்பார்கள். வெண்புள்ளி உள்ள பெற்றோரின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. வருபவர்கள் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அந்தப் பதிலையும் பெரியம்மாவுக்கான பதிலோடு சேர்த்துப் பழக்கிவையுங்கள்.